பொட்டு வைத்த கண்ணாடி

12-11-1988, சனி

சேர்வராயன் மலை சாட்சியாக உறுதி கூறுகிறேன்: இதை எவனும் நம்பமாட்டான். இன்று காலை காப்பித் தோட்டத்தில் புகுந்த பன்றி சேலத்து பஸ் அளவு. கோரைப்பல் ஒவ்வொன்றும் ரயில்வே கேட்டு! கொட்டச்சேடு எஸ்டேட்டின் தலைமைக் காவலனாகிய நான், அறுபது வயதுச் சிங்கம், முப்பதடி தூரத்தில் ரைபிளை நீட்டிச் சுட்டேன். பலா மரம் செத்தது.

எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் காளியண்ணன் ஓடி வந்தார். பன்றியின் அளவைச் சொன்னேன். "ஏனுங்க, அப்ப பஸ்ஸையே தவற விட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்களே!"

கூடக் காவல் நிற்கும் என் தங்கை மகன் வெள்ளையன் சிரிக்கவில்லை. வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது: "குறி பாக்கற சைட்டு வளைஞ்சு கெடக்குது. நேத்து இவன் துப்பாக்கியத் தொடைக்கையில கல்லு மேல போட்டுட்டான்."

14-11, திங்கள்

வெள்ளையனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவன் என்னிடமே மன்னிப்புக் கேட்கிறான். "செவுத்துல சாத்தறப்ப எனக்குத் தெரியாமப் பட்டிருக்குமுங்க மாமா." என் பொய்யை என்னைவிட அவன் நம்புகிறான்.

17-11

உண்மை என்ன? ஆறு மாதமாகக் குழல் நுனியில் இருக்கும் சைட்டு மணி எனக்குத் தெரிவதில்லை. கண்ணாடி போட்டால் பன்றி தெளிவு, மணி பஞ்சு. கழற்றினால் பன்றியும் பஞ்சு. மணிக்குச் சுண்ணாம்பு தடவினேன் — வெள்ளைப் பஞ்சு.

20-11, ஞாயிறு

விரலை மடக்கி ஊசித்துளை அளவு இடுக்கு வழியே பார்த்தால் காலண்டர் தேதி பளிச்சென்று தெரிகிறது! என் மனைவி அருக்காணியின் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டைத் திருடி, நடுவில் ஊசியால் குத்தி, வலக்கண் கண்ணாடியில் ஒட்டினேன். துளை வழியே மணி வந்தது, மிளகு போல. ஐந்து தகர டப்பா வைத்தேன். ஐந்தும் விழுந்தன. (ஐந்நூறு என்று எழுதக் கை பரபரக்கிறது. வேண்டாம்.)

சைட்டு நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது.

"கண்ணாடிக்குக் கண்ணாலமுங்களா, பொட்டு வெச்சிருக்கறீங்க?" என்றாள். விவரம் சொன்னேன். சிரிப்பு நின்றது. "அப்ப வெள்ளையன் எதுக்குங்க ஊட்ல உக்காந்திருக்கறான்?"

23-11

அவன் வாசல் வரை போனேன். திரும்பிவிட்டேன். சீ, நானும் ஒரு மாமனா?

26-11, சனி

பொட்டுக் கண்ணாடியோடு எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். காப்பி பறிக்கிற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வெள்ளையனைக் கூப்பிட்டுவரச் சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்: "சைட்டு நேராத்தான் இருக்குது மாப்ள. கோணலாப் போனது என்ற நாக்கு."

தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான். "இத்தன நாளா என்ற கையத்தானுங்க திட்டீட்டு இருந்தேன்."

காளியண்ணன் அவனுக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தார்.

2-12

ரைபிள் இனி வெள்ளையனிடம். நான் தகரம் தட்டிப் பன்றி விரட்டுகிறேன். என்னை 'ஏனுங்க' என்கிறான். 'மாமா' இன்னும் வரவில்லை.

அன்று வந்த பன்றி ஆட்டுக்குட்டி அளவுதான். கோரைப்பல்லை நான் பார்க்கவே இல்லை. எனக்கு அறுபதல்ல, அறுபத்தாறு. பலா மரமும் சாகவில்லை. ஆனால் அதில் ஒரு துளை இருக்கிறது. இன்று போய் விரல் விட்டுப் பார்த்தேன். அது மட்டும் உண்மை.