கடிந்து ஒரு சொல் பேசாதவர்

மார்ச் 4

அன்புள்ள குட்டிம்மா,

தம்பியும் நீயும் நலம்தானே? அப்பா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கடையில் மாட்ட ஒரு பலகை செய்து அனுப்பியிருக்கிறேன். அப்பாவின் படம், அதற்குக் கீழே: "இந்தப் பீட்சா கடையைத் தொடங்கியவர். அன்பே உருவானவர். கடிந்து ஒரு சொல் பேசாதவர்." உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டு. என் தம்பியே ஆனாலும் உன் புருஷனை நம்பி ஒரு வேலையும் சொல்ல முடியாது என்றுதான் உனக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் பேசினால் சண்டையாகிவிடும் என்று எழுதுகிறேன். பலகையை மாட்டினேன். முதலில் பார்த்தவர் நமக்குக் காய்கறி போடுகிறவர். படித்துவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். "யாரும்மா இது? வேற கடைக்குப் போக வேண்டிய பலகைய இங்க எறக்கிட்டாங்களா?" என்றார்.

அந்தப் படத்தில் இருக்கிற மாதிரி மாமா கோட்டு போட்டு நான் பார்த்ததே இல்லை. ஸ்டூடியோக்காரர் மாட்டிவிட்டாரா? பீட்சா மேல் ஊற்றிக்கொள்ள சாஸ் கேட்டவரிடமிருந்து தட்டையே பிடுங்கிக்கொண்டு போன மனிதர் அவர். நான் கட்டையால் மாவைத் தேய்த்தபோது, "உள்ள இருந்த காத்த எல்லாம் கொன்னுட்டியே! கையால விரி, கை எதுக்கு இருக்கு?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது, அண்ணி. அந்தக் கடைசி வரியையாவது மாற்றித் தாருங்கள். உங்கள் தம்பியைக் கேட்டால் உங்களுக்கும் தலையாட்டுகிறார், எனக்கும் தலையாட்டுகிறார்.

இப்படிக்கு,
குட்டிம்மா


மார்ச் 27

குட்டிம்மா,

மாமனார் திட்டியதை அவர் போன பிறகும் மனதில் வைத்திருப்பாய் என்று நினைக்கவில்லை. பெற்ற மகள் நான். எனக்குத் தெரியாத அப்பாவா? ஓர் எழுத்துகூட மாறாது.

அண்ணி


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

பலகையைக் கழற்றி மாவு மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். ஆசை தீரத் திட்டிக்கொள்ளுங்கள்.

நான் குறை சொல்லவில்லை. கல்யாணமாகி வந்தபோது எனக்கு வெந்நீர் வைக்கத்தான் தெரியும். அவர் கத்திக் கத்தித்தான் இந்தக் கைக்கு வேலை வந்தது. ஓரம் கருகினால் கத்துவார், வெளுத்திருந்தால் அதைவிடக் கத்துவார். பிறகு அதே பீட்சாவைப் பிய்த்து எனக்குப் பாதி கொடுத்துவிட்டு, மீதியை நின்றபடியே சாப்பிடுவார். இப்போது அடுப்படி அமைதியாக இருக்கிறது. செய்வது சரியா தப்பா என்று சொல்ல ஆளில்லை. மிச்சமிருக்கிற ஞாபகத்துக்கும் நீங்கள் கோட்டு மாட்டிவிட்டால் என் மாமாவை நான் எங்கே போய்த் தேடுவேன்?

குட்டிம்மா


ஏப்ரல் 19

குட்டிம்மா,

உன் மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். பலகையில் நான் பொய் எழுதவில்லை. அப்பா என்னைக் கடிந்து ஒரு சொல் பேசியதே இல்லை.

பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு ஓடுவேன். "படிக்கிற பொண்ணு கையில மாவு ஒட்டக்கூடாது" என்று மூலை மேசையில் உட்கார வைத்துவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்திவிடுவார். உள்ளே அவர் கத்துவது கேட்கும். திடீரென்று எல்லோரும் சேர்ந்து சிரிப்பதும் கேட்கும். விருந்தாளிக்கு வருவது போல எனக்குப் பீட்சா வெளியே வரும். காசு கொடுத்துச் சாப்பிட வந்தவரையே திட்டிய மனிதர், என்னைத் திட்டவில்லை. அதைத்தான் பாசம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது, போ.

பலகை மூட்டைக்குப் பின்னாலேயே கிடக்கட்டும். அடுத்த மாதம் லீவு போட்டுவிட்டு வருகிறேன். என்னை அடுப்படிக்குள் விடு. மாவைத் தப்பாகத்தான் விரிப்பேன். அண்ணியாயிற்றே என்று மரியாதை பார்க்காமல், அவர் உன்னைத் திட்டிய மாதிரியே என்னைத் திட்டு.

உன்
அண்ணி