இடது கை கியரைத் தேடியது

ஐப்பசி, புதன்

போடியில் விடாத தூறல். மலை தெரியவில்லை. துணி காயவில்லை. சீருடையில் புல் கறை, துவைத்தும் போகவில்லை.

விமானப் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்ததும் அம்மாவிடம் "சும்மா லீவு" என்று சொல்லி வைத்திருந்தேன். அரை நாள் தாங்கவில்லை. கூடப் படிக்கிறவன் எடுத்த வீடியோ சுற்றிச் சுற்றி சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கே வந்துவிட்டது. கீழே சித்தி எழுதியது: "மலரு ஓட்டுன பிளேன் விழுந்துருச்சு."

விழவில்லை! பறக்கவே இல்லை! ஓடுபாதைக்குத் தரையில் உருட்டிக்கொண்டு போகும்போது பிரேக் போய்விட்டது, அவ்வளவுதான். மிதித்தால் பஞ்சு மாதிரி இறங்கியது. பயிற்சியாளர் எஞ்சினை அணைத்தார், நான் புல்லுக்குள் திருப்பினேன். மண்மேட்டில் முட்டி நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை.

இங்கே மட்டும் எழுதுகிறேன். பிரேக் போன நொடியில் என் இடது கை கியரைத் தேடியது. அப்பாவின் ஜீப்பில் பழகிய கை. "பிரேக்கு போனா கியரக் கொறை, மலைப்பக்கம் அணை" என்று கேட்டே வளர்ந்த கை. விமானத்தில் எனக்கு இடது பக்கம் இருப்பது கதவு. திறந்துவிட்டேன்.

பயிற்சியாளர்: "என்னம்மா, எறங்கப் போறியா?"

வியாழன்

தூறல். அம்மாவின் தீர்ப்பு காலை இட்லியோடு வந்தது. "போதும் ஆத்தா. பேசாம பி.எட். படி. டீச்சருக்கு பிரேக்கும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அப்பா சட்னியைப் பார்த்தே சாப்பிட்டு முடித்தார். திங்கட்கிழமை நான் பயிற்சிப் பள்ளியில் நிற்காவிட்டால் என் இடம் போச்சு. அதுவும் தெரியும் அவருக்கு.

பால் வாங்கப் போனால் ஜீப் ஸ்டாண்டில் டிரைவர் அண்ணன்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏத்தா, கியரப் போட்டு நிப்பாட்டிருக்கலாம்ல?"

"அதுல சக்கரத்துக்கும் இஞ்சினுக்கும் சம்பந்தமே இல்லண்ணே. முன்னாடி காத்தாடிதான் இழுக்குது."

"காத்தாடிய நம்பியா ஒங்கப்பா புள்ளைய அனுப்பிருக்காரு! சரி, மலைப்பக்கம் சாத்திருக்கலாம்ல?"

"அங்க மலையே இல்லண்ணே."

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். "மலை இல்லாத ஊர்ல எப்புடித்தான் வண்டி ஓட்டுறாய்ங்களோ."

பயமா? ஆமாம். சும்மா உட்கார்ந்திருந்தாலும் கால்விரல் தரையை அமுக்குகிறது. அம்மா போகாதே என்றதும் உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதி. அதுதான் எரிச்சல்.

வெள்ளி

மழை விட்டது. அப்பா: "குரங்கணிக்கு லோடு. சோலி இல்லேன்னா வெரசா ஏறு."

அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டு, ஏலக்காய் பறித்து முடித்த அக்காக்களை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். இறக்கத்தில் அப்பா பிரேக்கைத் தொப்புத் தொப்பென்று மிதித்தார்.

"என்னப்பா?"

"கொஞ்ச நாளா இப்புடித்தான். ரெண்டு மிதி சேத்து மிதிச்சாப் புடிக்கும்."

அடுத்த வளைவில் எத்தனை மிதித்தும் பிடிக்கவில்லை. அவர் இடது கை கியருக்குப் போனது. என் இடது கையும் கூடவே போய்க் காற்றைப் பிடித்தது. இந்த ஜீப்புக்கு அந்தப் பக்கம் கதவே கிடையாது. மலைப்பக்க மண்ணில் உரசி, புதருக்குள் புகுந்து நின்றது.

பின்னாலிருந்து ஒரு அக்கா: "ஆத்தாடி! பிளேன் புள்ளைய ஏத்தாதீகன்னு அப்பவே சொன்னேன்ல!"

அடிப்பாவி.

அப்பா துண்டால் முகம் துடைத்தார். "ஒங்கம்மாட்ட சொல்லிராத."

"அப்ப ஞாயித்துக்கெழம என்னய பஸ் ஏத்தி விடணும்."

"மெரட்டுறியா?"

"ஆமா."

சிரித்துவிட்டார். அப்போதுதான் பார்த்தேன், அவர் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் இந்த மலையில் ஓட்டிய கால்.

"பயமா இருக்காப்பா?"

"இருக்காதா பின்னே? அதுக்காக, நாளைக்கு லோடு எடுக்காம இருக்க முடியுமா?"

முதல் கியரிலேயே ஊர்ந்து கீழே வரும்போது என் கால்விரல் சும்மா இருந்தது.

சனி

ஒப்பந்தம் வீட்டு வாசல் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. அக்காக்கள் நேற்றே முந்திக்கொண்டார்கள். அம்மா இன்று காபியோடு ஆரம்பித்தாள்.

"அவ வண்டியில பிரேக்கு போனா பக்கத்துல வாத்தியாரு, சுத்திப் புல்லு. ஒங்க வண்டியில போனா பக்கத்துல என்ன இருக்கு? பள்ளம்! புள்ள அங்கனயே இருக்கட்டும், அதான் பத்திரம். ஜீப்பு ஒர்க்‌ஷாப்புக்குப் போகாம நீங்க சாவியத் தொடக்கூடாது."

அப்பா, பவ்யமாக: "அப்ப நான் பி.எட். படிக்கட்டுமா?"

டம்ளர் பறந்தது. காலி டம்ளர்தான்.

ஞாயிறு

வெயில். மலை முழுசாகத் தெரிகிறது. பையில்: முறுக்கு, பருப்புப்பொடி, கறை போகாத சட்டை, எலுமிச்சம்பழம் மூன்று. (அம்மா: "பிளேனுக்கு எத்தன சக்கரம்? மூணா? அப்ப மூணு. கெளம்புறப்ப அடியில வச்சு ஏத்து.")

பஸ் கிளம்பும் நேரம் அம்மா படியேறினாள். கட்டிக்கொள்ளத்தான் வருகிறாள் என்று எழுந்து நின்றேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே டிரைவரிடம் போனாள்.

"அண்ணே, பிரேக்கு பாத்துட்டீகளா?"

அவர் ஒரு நிமிஷம் முழித்துவிட்டு மிதித்துக் காட்டினார். புஸ்ஸென்று சத்தம்.

"இன்னொருக்கா."

மிதித்தார்.

"பாத்து ஓட்டுங்க. உள்ள பைலட்டு இருக்கா."