கம்பளத்தின் பின்பக்கம்

அன்புத் தோழிக்கு,

நனைந்த கம்பளியின் வாசம் இன்னும் இந்த அறையை விட்டுப் போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, மகளுக்குப் பேசியிருக்கும் பையனின் தாய் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பலகாரத் தட்டை எடுக்கக் கை நீட்டியவரின் முழங்கை தட்டி, ஒரு கோப்பை கோப்பி அப்படியே துருக்கிக் கம்பளத்தில் கவிழ்ந்தது. மனுஷி பதறிப்போனார். நான் வெள்ளைத் துணியும் குளிர்ந்த தண்ணீரும் எடுத்துவந்து, முழங்காலை ஊன்றி, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஒரு முனையைப் புரட்டி, ஈரம் பின்பக்கத்துக்கு இறங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டது அப்போதுதான்.

மகள் என்னைப் பார்த்தாள். யார் கேட்டாலும் அம்மாவுக்கு ஒரு கொம்பனியில் வேலை என்று சொல்ல அவளைச் சின்ன வயதிலேயே பழக்கி வைத்திருந்தேன். இப்போதும் அந்தச் சொல் என் வாய்வரை வந்துவிட்டது. கூடவே உம்முடைய முகமும் வந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஒஸ்லோவுக்கு வெளியே லில்லெஸ்ட்ரோமுக்குப் பக்கத்தில் இருந்த சலவைத் தொழிற்சாலையில் கம்பளப் பகுதி உமக்கும் எனக்கும்தான். நீர் மோர்டென்ஸ்ருட்டில் இருந்து இரண்டு இடத்தில் பஸ் மாறி வரவேண்டும். ஆனாலும் எனக்கு முன்னால் வந்து, றப்பர் சப்பாத்தும் போட்டுக்கொண்டு நிற்பீர். இருபத்திரண்டு வருடங்கள். ஒஸ்லோ வீடுகளின் கம்பளங்கள் எல்லாம் எங்கள் கைக்கு வந்தன. எது கையால் முடிச்சுப் போட்டது, எது இயந்திரத்தில் நெய்தது, எதன் சாயம் தண்ணீர் பட்டால் ஓடும் என்பதைக் கழுவிக் கழுவித்தான் படித்தோம். தவறாகப் பார்த்தால் ஒரு வீட்டின் கம்பளம் நாசமாகிவிடும். உம்முடைய கையில் ஒன்றுகூட நாசமானதில்லை.

எனக்கோ அந்த வேலையை வெளியில் சொல்ல நா எழவில்லை. காரணம் உமக்குத் தெரியும். ஊரில் எங்கள் உடுப்பை வெளுத்துத் தந்தவர்களை நாங்கள் வாசற்படிக்கு மேலே ஏறவிடவில்லை. வயதில் மூத்தவர்களைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். அகதியாக வந்த இடத்தில் அதே வேலை எனக்குக் கிடைத்தபோது, ஊரார் என்னை எந்தப் படியில் நிறுத்துவார்கள் என்ற பயம்தான் முதலில் வந்தது. கோயிலில் கேட்டாலும் கொம்பனி, கலியாண வீட்டில் கேட்டாலும் கொம்பனி. நீர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பீர். ஒருநாளும் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை, அந்தத் துருக்கிப் பயணம் வரைக்கும்.

அதுவரை நாம் போன ஊர்கள் எல்லாம் உறவுக்காரர் இருந்த ஊர்கள். லண்டன், பாரிஸ், ரொறன்ரோ. ஒன்று கலியாணம், இல்லாவிட்டால் செத்தவீடு. சும்மா ஊர் பார்க்கப் போனது அதுதான் முதல்தடவை. விடுதியில் நீர் சூட்கேசைத் திறந்தபோது உள்ளே நான்கு கட்டி நோர்வேப் பழுப்புச் சீஸும் அரைவாசிக்குச் சொக்லேட்டும் இருந்தன. இங்கே யாரைத் தெரியும், யாருக்கு இது என்று கேட்டேன். "வெறுங்கையோடை ஒரு ஊருக்குப் போறதே?" என்றீர். யோசித்துப் பார்த்தால் என்னுடைய சூட்கேசிலும் இரண்டு கட்டி இருந்தது.

சந்தையில் வீட்டுக்கு ஒன்று என்று, கண்ணூறுக்குத் தொங்கவிடும் நீலக்கண் மணிகளை அள்ளினோம். இதே மணி ஒஸ்லோவில் குறொன்லாண்டுக் கடைகளில் தொங்குகிறதே என்றதற்கு, அங்கே வாங்கினால் அது பயணச் சாமான் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னீர். செம்புக் கோப்பிச் சட்டிகளைத் தட்டிப் பார்த்தீர். பூப்போட்ட பீங்கான் கிண்ணங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர். கடைக்காரர்கள் உம்மைக் கண்டு கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கொன்யாவுக்குப் போகிற வழியில் எங்கள் பஸ்ஸை ஒரு கம்பளக் கடையில் நிறுத்தினார்கள். பஸ்ஸில் பாதிக்கு மேல் நோர்வேஜிய ஓய்வூதியக்காரர்கள். ஒஸ்லோவில் இருந்து வந்த இன்னொரு தமிழ்க் குடும்பமும் இருந்தது. கடைக்காரர் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் அப்பிள் தேநீர் தந்து, கம்பளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தார். நான் இரண்டு குவளை குடித்துவிட்டேன். ஒரு மனிதரின் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழும்ப எங்களால் முடியுமா? அந்தக் கூச்சத்திலேயே ஒரு சிவப்புக் கம்பளத்துக்குத் தலையாட்டிவிட்டேன்.

"கொஞ்சம் பொறும்," என்றீர். குந்தியிருந்து முனையைப் புரட்டினீர். குஞ்சத்தை இழுத்துப் பார்த்தீர். அது தனியாகத் தைத்து ஒட்டியது; கம்பளம் இயந்திர நெசவு. இடுப்பில் செருகியிருந்த வெள்ளைக் கைலேஞ்சித் துணியை நனைத்து ஓரத்தில் தேய்த்தபோது லேஞ்சி சிவந்தது. கடைக்காரர் கோபிப்பார் என்று நான் பயந்தேன். அவரோ உம்மைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உள்ளே போய், தோளில் வேறொன்றைச் சுமந்துகொண்டு வந்தார். ஒரு கிராமத்துப் பெண் மாரிக் குளிர் முழுவதும் உட்கார்ந்து நெய்ததாம். நீர் பின்பக்கத்தைத் தடவினீர். முடிச்சுகள் ஒன்றுக்கொன்று சற்றே கோணலாக, கை போட்டவையாக இருந்தன. லேஞ்சி வெள்ளையாகவே இருந்தது. "இதை எடும்," என்றீர்.

பார்த்துக்கொண்டிருந்த நோர்வேஜிய மனுஷி ஒருவர், நீங்கள் கம்பள வியாபாரியா என்று கேட்டார். நீர் எழுந்து நின்று, கடை முழுவதும் கேட்கிற குரலில், நல்ல நோர்வேஜிய மொழியில், "இல்லை. இவரும் நானும் சலவைத் தொழிலாளிகள். இருபத்திரண்டு வருடமாக உங்களுடைய கம்பளங்களைக் கழுவியவர்கள் நாங்கள்தான்," என்றீர்.

அதன்பிறகு அவர்கள் ஒவ்வொருவராகத் தாங்கள் தெரிந்தெடுத்த கம்பளத்தை உம்மிடம் காட்ட வரிசையில் நின்றார்கள். கடைக்காரர் உமக்கு ஒரு நாற்காலி போட்டார். நான் வாசலில் நின்று அந்தத் தமிழ்க் குடும்பத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் போய் இறங்குமுன் கதை ஒஸ்லோவுக்குப் போய்விடும் என்று பயந்தேன். புறப்படும்போது நீர் பஸ்ஸில் இருந்து பழுப்புச் சீஸ் கட்டி இரண்டை எடுத்துவந்து கடைக்காரரின் கையில் வைத்தீர். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

அன்று பின்னேரம் நான் உம்மோடு கதைக்கவில்லை. விடுதி முற்றத்தில் நீர்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர். "ஊரிலை நாங்கள் வாசலுக்கு வெளியிலை நிப்பாட்டின ஆக்களின்ரை வேலை இது. அதுதான் இஞ்சை எங்கடை பிள்ளையளைப் படிப்பிச்சது. அதை மறைச்சால் அவையை இன்னொருக்கா வெளியிலை நிப்பாட்டின மாதிரி. எனக்கு ஏலாது," என்றீர். அடுத்தநாள் காலை வழமைபோலத் தேத்தண்ணி ஊற்றித் தந்தீர், கோபம் அதோடு போயிற்று. ஆனால் வெட்கம் போகவில்லை.

போன மாரியில் நீர் போய்விட்டீர். உம்முடைய செத்தவீட்டில் ஒருவர், உங்களுக்கு இவரை எப்படிப் பழக்கம் என்று கேட்டார். ஒரே கொம்பனி என்றேன். உம்மைப் பக்கத்தில் கிடத்திவைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன். அன்று முதல் இந்தக் கம்பளத்தின்மேல் கால் வைக்கிற நேரமெல்லாம் அது என்னைக் குத்திக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த மனுஷி கேட்டபோது நான் முழங்காலில்தான் இருந்தேன். எழும்பாமலே சொன்னேன். "சலவைத் தொழிற்சாலையிலை கம்பளம் கழுவினனான். இருபத்திரண்டு வருசம். நான் தனிய இல்லை, என்ரை சிநேகிதியும் நானும். அவதான் கெட்டிக்காரி."

மகள் வாயில் வைத்த பலகாரத்தை மெல்ல மறந்திருந்தாள். பையனின் தாய் சேலையை ஒதுக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்து, எங்கே, காட்டுங்கோ என்றார். முனையைப் புரட்டி, கோணல் முடிச்சுகளைத் தொட்டுக் காட்டினேன். குஞ்சத்தைக் காட்டினேன். நனைந்த துணியில் கோப்பிக் கறையைத் தவிர வேறு சாயம் ஒட்டாததைக் காட்டினேன். துருக்கிக் கடையில் உமக்குப் போட்ட நாற்காலியைப் பற்றியும் சொன்னேன். அன்று வாசலில் நின்று தவறவிட்ட பெருமை எல்லாம் அப்போதுதான் எனக்கு வந்து சேர்ந்தது.

உங்கள் சிநேகிதியின் பெயர் என்ன என்று அவர் கேட்டார். தகப்பன் பெயரோடு சேர்த்து முழுப் பெயரையும் சொன்னேன்.