அடுத்தவர் கல்

மார்ச் 4
இன்றும் எங்கள் மலைச் சுரங்கத்திலிருந்து செம்புத் தாது லாரி வரவில்லை. அரவை உருளை வயிறு நிறைய இரும்புக் குண்டுகளோடு சும்மா நிற்கிறது. ஆலை ஓட்டுபவர் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருக்கிறார். "பேசினா தலைவலி, பேசலைன்னா பயம்." சிரித்து வைத்தேன். உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது. எழுந்தால் போக இடமில்லை.

மார்ச் 6
மலைக்குப் போனேன். அண்ணன் செம்பு தேடித் துளை போட்டுக்கொண்டே இருக்கிறான். துளைக் குழாயில் வந்த பாறைத் துண்டுகள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. எல்லாம் வெறும் சாம்பல் நிறம். செம்பு இருந்தால் தெரியும் பச்சைப் பொட்டு ஒன்றுகூட இல்லை.

"செம்பு ஓடுற வரி கிழக்கே திரும்பியிருக்கு. இன்னும் ஒரு துளை, அவ்வளவுதான்."

"போன தடவையும் இதைத்தானேண்ணா சொன்னே?"

அடுத்த பெட்டியைத் திறந்தான். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 7
துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

மார்ச் 10
ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிறு சுரங்கம் நடத்தும் ஒரு அம்மா ஆபீசுக்கு வந்தார். அவரிடம் தாது இருக்கிறது, ஆலை இல்லை. "உங்க மிஷின் துருப்பிடிக்கிறதுக்குப் பதிலா எங்க கல்லையாவது அரைக்கட்டுமே?" அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டால் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 11
கேட்கவில்லை. அந்த அம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் அவனுக்குப் போன் செய்தேன். டிரில் சத்தத்துக்கு மேலே கத்தினான்.

"அப்ப நான் எதுக்குத் தோண்டறேன்?"

வைத்துவிட்டான்.

தப்புப் பண்ணிட்டேனா? ஆலையில இருக்கிறவங்களை எவ்வளவு நாள் சும்மா உட்கார வைக்கிறது? அவனுக்கு அந்த மலை, எனக்கு இவங்க — இதைச் சொல்லியிருக்கணும்.

மார்ச் 15
கடைசித் துளையிலும் ஒன்றுமில்லையாம். அண்ணி போனில் சொன்னார். "வீட்டுக்கு வந்துட்டாரு. குழாயைத் தொறந்து விட்டுட்டு, நிறைஞ்சு வழியறது தெரியாம நிக்கிறாரு." போய்ப் பார்க்கலாம். எந்த முகத்தோடு?

மார்ச் 18
ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல் முதல் லாரியில் வந்தது. உருளை ஓட ஆரம்பித்த பிறகு திரும்பினால், வாசலில் அண்ணன். என்னைப் பார்க்கவில்லை. நேரே குவியலுக்குப் போய் ஒரு கல்லை எடுத்து, நாக்கால் நனைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏதோ சொன்னான். சத்தத்தில் கேட்கவில்லை. கிட்டே போனேன்.

"இந்தக் கல்லு வந்த இடத்துக்குக் கீழ என்ன இருக்குன்னு அவங்க துளை போட்டுப் பார்த்தாங்களா?"

"தெரியலையேண்ணா."

லாரி காலியாகி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சுரங்கத்துக்கே திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தி, டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். "அண்ணிகிட்டச் சொல்லிடு."

வீட்டுச் செருப்போடு போயிருக்கிறான்.