குனிந்த சத்தம்

சீரிஸ் குறுங்கோள், வானொலி அஞ்சல் நிலையம். ஒலிபரப்புக் குறிப்பேடு.

நாள் 41, 10:20
பிஸ்மில்லாஹ். ஒலிப்பதிவுக்கு வந்திருந்தவர்கள்: ஜைனம்பு ஆகிய நான், நாடகம் எழுதியவள், கதாநாயகியின் குரலும் நானே. என் வீட்டுக்காரர் புகாரி, நிலையப் பொறியாளர், மைக் பொறுப்பு. லாசர், பராமரிப்பு வேலை. மற்ற எல்லாக் குரல்களும் எல்லாச் சத்தங்களும் அவர். வேறு யாரும் வரவில்லை. இந்த நிலையத்தில் இருப்பதே நாங்கள் மூன்று பேர்தான்.

எடுத்துக்கொண்டது ஒரு பழைய விண்வெளிப் படம். சனியிலிருந்து பனிக்கட்டி ஏற்றி வரும் விண்படகுகளுக்குப் படம் அனுப்ப அலைவரிசை போதாது, குரல் மட்டும்தான் போகும். படகுக்கு ஒரே ஆள். பேச்சுத் துணை என்று அவர்களுக்கு இருப்பது எங்கள் அரை மணி நேரம். அதனால் படத்தை நாடகமாக்குகிறேன். யாரிடமும் படித்துக்கொண்டதில்லை. படத்தை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். எங்கே புரியாமல் போகிறதோ அங்கே ஒரு வசனம் எழுதுவேன். அவ்வளவுதான் என் முறை.

இன்று உச்சக் காட்சி. காற்றுக்குழாய் வெடிக்கிறது. கதாநாயகி குனிந்து, காலடியில் இருக்கும் சிவப்பு வால்வை மூடுகிறாள். நிமிர்ந்து மாற்றுச் சிலிண்டரைத் திறந்து பிழைக்கிறாள். படத்தில் அந்த இடத்தில் பேச்சே இல்லை. குனிவதற்கு லாசர் கம்பளியைத் தேய்த்துச் சத்தம் கொடுத்தார். வால்வுக்கு ஒரு வசனம் எழுதி வைத்திருந்தேன். நான் பாடுவதற்கு ஒரு தாலாட்டும் சேர்த்திருந்தேன். நேரம் இடித்தது.

லாசர் சொன்னார்: "மைனி, ஒண்ணு வசனம் போணும், இல்லேன்னா ஒங்க தாலாட்டு போணும். ரெண்டும் கொள்ளாது."

வசனத்தை அடித்தேன். அரை மணி நேரம் கச்சிதமாக வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

நாள் 44, 15:30
பதினான்காம் படகிலிருந்து வந்தது:

"இசக்கித்துரை பேசுதேன். அக்கா, தாலாட்டு நீங்களா பாடுனீய? எங்கம்மை வந்து தட்டிக் குடுத்த மாதிரி இருந்துச்சு. லாசர் அண்ணன் குரல்தான் சளி பிடிச்ச எருமை. நாடகத்தப் பதிஞ்சு வச்சு தெனமும் கேக்கேன். ஒரு சந்தேகம்க்கா. சிலிண்டரத் தொறக்கதுக்கு முன்ன துணி சரசரங்குல்லா, அந்தப் பிள்ளை அங்க என்ன செய்யுது? என் படகும் அதே மாடல்தான், அதான் கேட்டேன்."

லாசர் கொதித்தார்: "எருமையா? அவன் ஊருக்கு வரட்டும் மைனி, முட்டிக் காட்டுதேன்."

தம்பிக்கு நன்றி சொல்லிப் பதில் அனுப்பினேன். சந்தேகத்துக்கு விளக்கம் சொல்ல விட்டுப்போயிற்று. அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது, எழுந்துவிட்டேன்.

நாள் 58, 16:05
பதினான்காம் படகு. அங்கிருந்து குரல் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகிறது. அப்படியென்றால் இது ஒரு மணி நேரம் பழைய பேச்சு.

"அக்கா, காத்துக்குழாய் வெடிச்சிட்டு. கரண்டும் போச்சு. கையேட்டுத் திரை எரியல, ரேடியோ மட்டும் பேட்டரில ஓடுது. பயப்படாதீய. ஒங்க நாடகம் எனக்கு மனப்பாடம். அந்தப் பிள்ளை செஞ்ச மாதிரியே செய்யப்போறேன். சிலிண்டரக் கழட்டி மாட்ட ரெண்டு மணி நேரம் ஆவும், அதுவரைக்கும் கேபின்ல காத்து இருக்கு. முடிஞ்சதும் பேசுதேன்."

புகாரியிடம் கேட்டேன். அந்தச் சிவப்பு வால்வை மூடாமல் சிலிண்டரைத் திறந்தால், காற்று முழுவதும் வெடித்த குழாய் வழியாக வெளியே போய்விடும் என்றார்.

16:09
அனுப்பினேன்: "தம்பி, சிலிண்டரத் தொறந்துராதீங்க. காலடில செவப்பு வால்வு இருக்கு. மொதல்ல அத மூடுங்க. அப்புறம் தொறங்க."

திரும்பத் திரும்ப அனுப்புகிறோம். இது போய்ச் சேரும்போது அவர் சொன்ன இரண்டு மணி நேரம் முடிந்திருக்கும்.

16:50
வால்வு வசனத்தை எடுத்தது யார் என்று புகாரி கேட்டார். "நான்தாண்ணே, கொள்ளாதுன்னு சொன்னேன்" என்றார் லாசர். நான் வாயைத் திறக்கவில்லை. லாசர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

17:25
லாசர் முன்னாலேயே புகாரியிடம் சொல்லிவிட்டேன். வசனத்தை அடித்தது என் கை. ஒரு வரியைவிட என் குரல் எனக்குப் பெரிதாக இருந்தது.

நாள் 44 குறிப்பில் ஒரு திருத்தம். அஸருக்கு எழுந்தேன் என்று எழுதியிருக்கிறேன். அது பொய். இசக்கித்துரை தம்பி புகழ்ந்துவிட்டார் என்று தாலாட்டை இன்னொரு முறை முழுதாகப் பாடி அனுப்பிக்கொண்டிருந்தேன். அன்று அஸரே தாமதமாகத்தான் தொழுதேன். என் ரப்பே, என் வீண் பெருமைக்கு உன் தொழுகையைச் சாக்காக வைத்தேன்.

18:02
பதினான்காம் படகு. குரல் இல்லை. மைக் மட்டும் திறந்திருக்கிறது.

மூச்சு. துணி சரசரக்கிறது. இரும்பில் இரும்பு படுகிறது. பிறகு ஒரு சீறல். அலை அறுந்துவிட்டது.

அங்கே இது நடந்தது 17:02-க்கு. என் எச்சரிக்கை 17:09-க்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

18:40
போட்டுப் போட்டுக் கேட்கிறோம். லாசர் அழுகிறார். "குனிஞ்சிட்டான் மைனி. நான் கம்பளியத் தேச்ச மாதிரியே இருக்குல்லா? அது குனிஞ்ச சத்தந்தான்."

சிலிண்டரைத் தூக்கினாலும் துணி அப்படித்தான் சரசரக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். திறந்துகொண்டும் கேட்டேன். இங்கே ஒரு வசனம் வேண்டும். எழுத என்னால் முடியவில்லை. எழுதவேண்டியவர் அங்கே இருக்கிறார்.

20:30
புகாரி கருவியை விட்டு நகரவில்லை. தொழுதேன். துஆ கேட்கக் கை ஏந்தினால் என்ன கேட்பதென்று வரவில்லை. நடந்தது நடந்து முடிந்துவிட்டது, இங்கே வந்து சேரத்தான் இல்லை.

அனுப்பிக்கொண்டிருப்பது:

"இசக்கித்துரை தம்பி, ஜைனம்பு அக்கா பேசுறேன். அந்தச் சரசரப்பு என்னன்னு கேட்டீங்கல்ல? அந்தப் பிள்ளை அங்க குனிஞ்சு செவப்பு வால்வ மூடுச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லல. நீங்க அத மூடுனீங்களா தம்பி? சீக்கிரம் பதில் சொல்லுங்க."