ஓங்கிலும் வயல் நண்டும்

பாகூர், ஆவணி, வியாழன்.

மனைவியைப் பார்க்கப் பூரணாங்குப்பம் போயிருந்தேன். பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருக்கிறாள். காலையில் கரையோரம் மச்சான் விரித்த வலையில் ஓர் ஓங்கில், டால்பின்தான், சிக்கி, வலையைக் கிழித்துவிட்டது. அவர் அதை அடிக்கத் துடுப்பை எடுத்தார்.

"குட்டி பக்கத்துலயே சுத்துதுண்ணா. பால் குடிக்கிற புள்ள" என்றாள் கரையில் நின்ற என் மனைவி.

மச்சான் துடுப்பைப் போட்டுவிட்டு மிச்ச வலையையும் அறுத்துத் தாயை விட்டார்.

மாலை பாகூர் திரும்பி வயலுக்குப் போனேன். வரப்பைத் துளைத்த நண்டு ஒன்றை நசுக்கப்போனேன். வயிற்று மடிப்பில் பொடிப்பொடியாகக் குஞ்சுகள். நண்டு பால் கொடுக்காது. குஞ்சுகள் இறங்கிவிட்டால் திரும்பியும் பார்க்காது. ஆனாலும் மனசு வரவில்லை. வாய்க்காலில் விட்டேன்.

"வரப்பு ஒடஞ்சா இன்னாடா பண்ணுவ?" என்றார் அப்பா.

"கட்டிக்கலாம்பா."

அவளுக்கு எப்போது வலி வருமோ. விடிந்ததும் மறுபடி போய்விடலாமா என்றிருக்கிறது.