எண்ணிக்கையில் இல்லாத பிள்ளை

ஜூலை 14, திங்கள்

இன்று காலை என் மகள் லோஷினி என்னை "ஆன்ட்டி" என்றாள். "ஆன்ட்டி, பின் கதவு சரியா சாத்தல." நான் ஓட்டுகிற பள்ளி வேனிலிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொன்ன மாதிரியும் தெரியவில்லை.

நான் பழக்கிவிட்டதுதான். பின் வரிசை வீட்டுத் திலகா போன மாதம் கேட்டாள்: "முன் சீட்டு எப்பவும் ஒங்க மகளுக்குத்தானா? நாங்களும் காசு கட்டித்தானே அனுப்புறோம்." அவள் மகன் ஹேமநாதன் ஒன்றாம் ஆண்டு, என் வேனில் வருகிறவன். அவள் கேட்டது நியாயம்தான். அன்றைக்கே லோஷினியைக் கூப்பிட்டு, "வேன்ல நான் எல்லாருக்கும் ஒரே ஆளுதான். அம்மான்னு சலுகை கேக்கக் கூடாது. இனிமே கடைசி சீட்டுல உக்காரு" என்றேன். எட்டு வயசுப் பிள்ளை. தலையாட்டினாள்.

கடைசி சீட்டில் குலுக்கல் அதிகம். லாபு தோட்டத்துச் சாலை வேறு. அவளுக்குக் குமட்டும் என்று தெரிந்தேதான் அங்கே உட்காரவைத்தேன். ஊர் வாய்க்குப் பயந்தால் முதலில் சொந்தப் பிள்ளையைத்தான் பின்னால் தள்ளத் தோன்றுமோ?

ஜூலை 17, வியாழன்

வேன் ஏர்கோன் மறுபடி கெட்டுவிட்டது. பிள்ளைகள் வியர்த்துப்போய் இறங்கினார்கள். வேறொன்றும் இல்லை.

ஜூலை 24, வியாழன்

எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

பள்ளி விட்டதும் ஹேமநாதனுக்கு மூக்கில் ரத்தம். சட்டையெல்லாம் சிவப்பு. அவன் தலையைப் பிடித்துக்கொண்டு டிஷ்யூ வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் வேறொரு பஸ் ஹார்ன் மேல் ஹார்ன். மற்ற பிள்ளைகள் ஏறிவிட்டார்களா என்று எண்ணினேன். கணக்குச் சரியாக வந்தது. கிளம்பிவிட்டேன்.

ஒவ்வொரு வீடாக இறக்கினேன். திலகாவிடம் ஹேமநாதனை ஒப்படைத்து, ஐஸ் வைக்கச் சொன்னேன். வீட்டு வாசலில் வேனை நிறுத்தியபோது பெரியவன் ஷங்கர் வெளியே வந்து, "பாப்பா எங்கம்மா?" என்றான்.

"பின்னால தூங்குறா, எழுப்பு" என்றேன்.

அவன் கதவைத் திறந்து பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

வேனை அப்படியே திருப்பினேன். எந்த வழியாக ஓட்டினேன், ஒன்றும் நினைவில்லை. மாரியாத்தா, மாரியாத்தா என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. அது செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போகிற சாலை. என் வீட்டுக்காரர் மகேந்திரன் ஓட்டுவதும் அப்படி ஒரு லோரிதான். வளைவில் ஆள் தெரியாது என்று அவரே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்.

செம்பனைக் காட்டுக்கு நடுவில், பாதி வழியில் அவளைப் பார்த்தேன். பையைச் சுமந்துகொண்டு ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். வேனைப் பார்த்தும் கையைக் காட்டவில்லை. ஓடி வரவில்லை. சாலையை விட்டு இறங்கி, காலுறை நனைய வாய்க்காலில் நின்றாள். நான் கடந்து போவதற்கு வழி விட்டு நின்றிருக்கிறாள் என் மகள்.

"ஏன்மா கையக் காட்டல?"

"நீங்க வேற ட்ரிப்புக்குப் போறீங்கன்னு நெனச்சேன்."

டாய்லெட்டுக்குப் போயிருந்தாளாம். வந்து பார்த்தால் வேன் இல்லையாம். கேட்டில் காவலுக்கு நிற்கிற ஜாகாவும் இல்லையாம். கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை. அழுததெல்லாம் நான்தான். முன்னால் வந்து உட்காரச் சொன்னேன். "பரவால்ல" என்று போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். காலி வேனில்.

இதோடு நிறுத்தியிருந்தால்கூட என்னை நான் மன்னித்திருப்பேன். வீடு நெருங்கும்போது கண்ணாடியில் அவளைப் பார்த்து, "அப்பாகிட்ட சொல்லாத பாப்பா. யார்கிட்டயும் சொல்லாத. தெரிஞ்சா ஒருத்தரும் நம்ம வேனுக்கு வரமாட்டாங்க" என்றேன். "சரி" என்றாள். ஷங்கரிடம் வேறு பொய்: டீச்சர் பிடித்து வைத்துவிட்டார்.

நான் எண்ணியது காசு கட்டுகிற பிள்ளைகளை. என் பிள்ளையை நான் எண்ணியதே இல்லை. அவள் எப்படியும் இருப்பாள் என்று.

ஜூலை 25, வெள்ளி

மகேந்திரன் அவள் ஷூவைப் பார்த்து, "இவ்வளவு சேறு எப்படிம்மா?" என்று கேட்டார். "விளையாட்டுப் பாடம்ப்பா" என்றாள். கண்கூடச் சிமிட்டவில்லை.

ஜூலை 31, வியாழன்

இப்போதெல்லாம் மணி அடித்ததும் முதல் ஆளாகக் கேட்டில் வந்து நிற்கிறாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டு. நல்லதுதான். பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்வதற்கு என்ன.

ஆகஸ்ட் 7, வியாழன்

தண்ணீர்ப் போத்தல் இன்றும் கொடுத்தபடியே திரும்பி வந்தது. "ஒரு மடக்குக்கூடவா குடிக்க முடியாது? தூக்கிட்டுப் போறது அழகுக்கா?" என்று கத்திவிட்டேன். உடனே நின்ற இடத்திலேயே போத்தல் முழுவதையும் குடித்தாள். வயிறு உப்ப உப்ப. நான் கத்தினது அவளைக் குடிக்க வைக்கத்தான், ஆனால் அவள் குடித்த விதம் என்னவோ செய்தது.

ஆகஸ்ட் 13, புதன்

பள்ளிப் பாவாடையில் மூத்திர வாடை. இந்த வயதில் இது என்ன பழக்கம் என்று திட்டினேன். ஷங்கர் முன்னால் திட்டியிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் உடம்பு சுட்டது. மகேந்திரன் விடியும் முன்பே லோரிக்குப் போய்விட்டார். ஷங்கரும் இடைநிலைப்பள்ளி பஸ்ஸில் போயாகிவிட்டது. அவரவர் வீட்டு வாசலில் மற்ற பிள்ளைகள் காத்திருப்பார்கள். நான் போகாவிட்டால் அத்தனை பேருக்கும் பள்ளிக்கூடம் இல்லை. காய்ச்சல் மருந்து ஒரு கரண்டி கொடுத்து, சட்டை மாட்டி, வேனில் ஏற்றினேன். மற்றவர்களுக்காக என் பிள்ளையைக் காய்ச்சலோடு ஏற்றினேன். "முடியலன்னா டீச்சர்கிட்ட சொல்லு" என்று சொல்லி இறக்கிவிட்டேன். தலையாட்டினாள். இந்தப் பிள்ளை எதற்குத்தான் தலையாட்டாது?

ஓய்வு நேரத்துக்கு முன்பே பள்ளியிலிருந்து போன். வாந்தி, நடுக்கம். தூக்கிக்கொண்டு கிளினிக் போனேன். அங்கே பார்த்துவிட்டு சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அவள் கையில் ஊசி ஏற்றுகிறார்கள். நான் எதை நினைக்கிறேன்? மத்தியானம் பள்ளி விட்டால் பிள்ளைகளை யார் ஏற்றுவது என்று. மணியம் அண்ணன்தான் ஞாபகத்துக்கு வந்தார், எனக்கு இந்த வேனை விற்றவர். கூப்பிட்டேன். "நீ ஆஸ்பத்திரியப் பாரும்மா, நான் மகன் வேன எடுத்துட்டுப் போறேன்" என்றார். போனை வைத்த பிறகுதான் மகேந்திரனுக்கே அடித்தேன். அந்த வரிசையை எழுதி வைக்கிறேன். மறக்கக் கூடாது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மூத்திரத்தில் கிருமியாம். கிட்னி வரைக்கும் ஏறிவிட்டதாம். வார்டில் இருந்த டாக்டர் நம் தமிழ்ப் பெண், சின்ன வயசு. கட்டிலில் உட்கார்ந்து லோஷினியிடம் கேட்டாள்: "ஸ்கூல்ல தண்ணி குடிக்க மாட்டியா? டாய்லெட் அழுக்கா இருக்குதா?"

"இல்ல."

"அப்புறம் ஏன்மா போகாம அடக்கி வச்சிக்கிற?"

லோஷினி என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று என் முகத்தில் தேடினாள். நான் சொல்லு என்று சொல்லவில்லை. பிறகு மெதுவாக டாக்டரிடமே சொன்னாள்.

"டாய்லெட்டுக்குப் போனா வேன் போயிரும்."

டாக்டருக்கு விளங்கவில்லை. "எந்த வேன்?" என்றாள்.

எந்த வேன். என் வேன்தான்லா. பெத்தவ ஓட்டுற வேன்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. எழுதிக்கொண்டாள். திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 20, புதன்

மகேந்திரனிடம் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்தில், மோட்டார் நிறுத்துகிற இடத்தில். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"நீ விட்டுட்டு வந்தத நான் பேசல. நானும் ஆயிரம் மறப்பேன். எம்மவ என் மொகத்தப் பாத்து பொய் சொல்லியிருக்கா, ரோகினி. ஷூ ஏன் சேறுன்னு கேட்டேன், விளையாட்டுன்னா. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நீ சொல்லிக் குடுத்திருக்க."

"பயந்துட்டேங்க."

"என்கிட்டயா? நான் ஒன்ன தின்னுடுவேனா?"

அவரைக் கண்டு பயமில்லை. வேன் நின்றுவிடுமே என்றுதான் பயம். இவரிடம் சொன்னால் இவர் எல்லாரிடமும் சொல்லச் சொல்லுவார் என்றும் தெரியும். அதையேதான் சொன்னார். மேலே போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காய்ச்சல் விட்டுவிட்டது. ஆரஞ்சுச் சுளை கேட்டுச் சாப்பிட்டாள். உரித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னேன்: "பாப்பா, யார்கிட்டயும் சொல்லாதன்னு அம்மா சொன்னது தப்பு. நீ யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம்."

"அப்பாகிட்டயும்?"

"அப்பாவுக்குத் தெரியும். நானே சொல்லிட்டேன்."

"டீச்சர்கிட்டயும்?"

"டீச்சர்கிட்டயும்."

இன்னொரு சுளையை எடுத்துக்கொண்டாள். "நம்ம பூனைகிட்ட மட்டும் நான் முன்னயே சொல்லிட்டேன்மா. அது பரவால்லையா?"

கழிவறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். வேன் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டேன். பேசிப் பேசி அழித்தேன். ஒன்றில் மூக்குறிஞ்சல் அதிகம், ஒன்றில் ஹேமநாதனின் மூக்கு ரத்தத்தைக் காரணமாகச் சொல்லிவிட்டேன். அவன் மேல் ஏன் போட வேண்டும்? கடைசியில் நேராகச் சொன்னேன். என் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தேன், அதை உங்களிடமிருந்து மறைத்தேன், இனி ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிட்டுப் பதில் வந்த பிறகுதான் வேன் நகரும், அனுப்ப விருப்பமில்லாதவர்கள் சொல்லலாம்.

எல்லாரும் கேட்டுவிட்டார்கள் என்று காட்டியது. யாரும் ஒன்றும் எழுதவில்லை. கடைசியில் மணியம் அண்ணனின் மருமகள் மட்டும், "பாப்பா எப்படி இருக்கா அக்கா?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

திலகா வீட்டுக்கே வந்தாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. வாசலில் நின்றே பேசினாள்.

"ஹேமன நான் வேற வேன்ல போடுறேன். கோவிச்சுக்காதீங்க."

"அன்னிக்கி நான் வேணும்னு விட்டுட்டு வரல திலகா."

"அது எனக்குத் தெரியும்லா. எம்மகனுக்கு ரத்தம் வந்துச்சு, அவனத்தான் பாத்தீங்க. அதுக்கு ஒங்களக் கும்பிடணும். ஆனா லோஷினி ஏன் இப்படி வாடிப்போயிட்டான்னு நானே ஒங்ககிட்ட கேட்டேன், நெனவிருக்கா? பரீட்ச டென்ஷன்னு சொன்னீங்க. நாளைக்கி எம்மகனுக்கு ஒண்ணுன்னாலும் அப்படித்தான சொல்லுவீங்க."

கேட்டிருந்தாள். சொல்லியிருந்தேன்.

கையில் ஒரு பை வைத்திருந்தாள். பார்லி. "காய்ச்சிக் குடுங்க, மூத்திரச் சூட்டுக்கு நல்லது" என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்னொரு குடும்பமும் விலகிவிட்டது. கோபம் வரவில்லை. மகேந்திரன் இன்று, "ஏர்கோன நான் பாக்குறேன்" என்றார். பேசாமல் இருந்ததற்குப் பிறகு அவராகச் சொன்ன முதல் பேச்சு.

செப்டம்பர் 3, புதன்

லோஷினி பள்ளிக்குத் திரும்பிவிட்டாள். முன் சீட்டில்தான் உட்கார வைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னாலும் சொல்லட்டும். புறப்படும் முன் பெயர் கூப்பிடுகிறேன். முதலில் அவள் பெயர். "இருக்கேன்மா" என்றாள்.

ஆனால் இன்றும் போத்தலில் தண்ணீர் குறையவில்லை. இன்றும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதலில் நின்றாள். சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 10, புதன்

பாதிப் போத்தல்.

செப்டம்பர் 12, வெள்ளி

நாளையிலிருந்து பள்ளி விடுமுறை. டீச்சரைப் பார்த்துப் பேசினேன். பள்ளி விடும் முன் லோஷினியை அவளே டாய்லெட்டுக்கு அழைத்துப் போய்விட்டு வருவதாகச் சொன்னாள். லோஷினி வேண்டாம் என்றுவிட்டாளாம். "வேன் போயிருமா?" என்று டீச்சர் கேட்டதற்கு, "தெரியல டீச்சர்" என்றாளாம்.

தெரியல. அவ்வளவுதான் இப்போது நான் அவளுக்கு. அம்மா இருந்தாலும் இருப்பாள், போனாலும் போவாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

மணி அடித்து எல்லாரும் ஏறிவிட்டார்கள். கேட்டில் கம்பிப் பக்கம் பார்த்தேன். லோஷினியைக் காணோம். பெயர் கூப்பிட்டேன், பதில் இல்லை. "ஆன்ட்டி, அவ இன்னும் வரல" என்றது ஒரு பிள்ளை.

"வரட்டும்" என்று எஞ்சினை அணைத்தேன். பின்னால் பஸ்காரர் ஹார்ன் அடித்தார். கையைக் காட்டிச் சுற்றிப் போகச் சொன்னேன். பிள்ளைகள் வேர்க்குது, பசிக்குது என்று முனகினார்கள். இறங்கிப் போய்த் தேடலாமா என்று கால் பரபரத்தது. போகவில்லை. வேன் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று பட்டது.

கொஞ்ச நேரத்தில் கழிவறைப் பக்கமிருந்து வந்தாள், கூடவே ஒரு தோழி. இரண்டு பேருக்கும் ஏதோ வாக்குவாதம். ஈரக் கையை உதறித் தோழி முகத்தில் தெளித்தாள். அவள் துரத்த, இவள் தூணைச் சுற்றி ஓடினாள். அப்புறம் நின்று, குனிந்து, காலுறையை நிதானமாக இழுத்துவிட்டுக்கொண்டாள். மறுபடி பேச்சு. திடல் முழுக்கப் பேசிக்கொண்டே நடந்து வந்தாள்.

வேன் நிற்கிறதா என்று ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.